வெள்ளையனைக் கண்டம் பண்ணிய கதை

சென்ற வாரம் என் பழைய அலுவலகத்திலிருந்து கவிதா என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்தவள். நான் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாளாம். பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய ஃபைபர் படகு கிடக்கிறது, அதை ஒழித்தாக வேண்டும், கணினியில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாயிற்று, 'ஒழிக்கும் முறை' என்ற கட்டத்தில் மட்டும் எதைப் போட்டாலும் சிவப்பாக மின்னுகிறது என்றாள்.

"அக்கா, நீங்க ஒரு தடவ இத செஞ்சிருக்கீங்கன்னு சொன்னாங்க. எரிக்கிறதா, பொதைக்கிறதா?"

"ரெண்டும் செஞ்சு பாத்தோம்மா. ரெண்டுக்கும் அது ஒத்து வரல."

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாளைக்குக் கூப்பிடு, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவள். அப்பா தண்டவாளம் போடும் கூட்டத்தில் இருந்தார். அம்மா கையெழுத்து கேட்டால் பெருவிரலை நீட்டுவாள். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், உயர்நிலைப் பள்ளி ஐந்தாம் படிவத்தை முடித்து, சான்றிதழோடு திரும்பி வந்தவள் நான்தான். அந்தச் சான்றிதழை அப்பா சாமிப் படங்களுக்கு நடுவில் மாட்டினார். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்குக் காட்டும் சூடம் அதற்கும் கிடைத்தது. இப்படி வளர்ந்த பெண்ணுக்குத் தலைக்கனம் வராமல் இருக்குமா? எழுபதுகளின் கடைசியில் அரசாங்க வேலை கிடைத்ததும், பேனாவைக் கைப்பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டுதான் பேருந்தில் ஏறுவேன். படித்தவள் என்று கண்டக்டருக்குத் தெரிய வேண்டாமா?

கோலாலம்பூரில் சில மாதங்கள் தட்டச்சு, கோப்பு, மலாய்க் கடிதம் எல்லாம் பழக்கினார்கள். அதில் நினைவில் நிற்பது மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்க நடந்த சண்டைதான். பிறகு கிள்ளானுக்கு அனுப்பினார்கள். ஆற்றை ஒட்டி எங்கள் இலாகாவின் பட்டறை, அதன் பக்கத்தில் சாமான் கிடங்கு. என் வேலை, பயன்படாமல் போன அரசாங்கச் சாமான்களை முறைப்படி ஒழிப்பது. பட்டறைக்காரர்கள் அதைக் 'கண்டம் பண்ணுவது' என்பார்கள். கால் உடைந்த மேசை, ஓட்டை விழுந்த வாளி, எழுத்து தேய்ந்த தட்டச்சு இயந்திரம் என்று எல்லாம் என்னிடம் வந்து சேரும். அப்பா முடிவெட்டும் கடையில் என்னைப் பற்றிச் சொல்லும்போது, "கண்டம் பண்ற ஆபீசர்" என்பாராம். நான் ஆபீசர் இல்லை, வெறும் குமாஸ்தா, கிராணி என்று திருத்தினேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

எனக்கு மேலே இருந்தவர் கிடங்குத் தலைவர் மிஸ்டர் கந்தையா. யாழ்ப்பாணத்துக்காரர். வெயில் எப்படி அடித்தாலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்ற மாட்டார். நாற்காலியில் கைக்குட்டையை விரித்து அதன்மேல்தான் உட்காருவார். கைக்குட்டையை மடித்து எடுத்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது என்று பொருள். அதற்குப் பிறகு தலைமையகமே எரிகிறது என்றாலும் அவர் உட்கார மாட்டார்.

முதல் வாரமே நான் ஓர் உடைந்த நாற்காலிக்கான தாளைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து அவர் முன் வைத்தேன். அவர் தாளைத் தொடவில்லை.

"பிள்ளை, உந்தக் கதிரையை நீர் பாத்தனீரோ?"

"ஸ்டோர்ல இருக்கு சார். சொன்னாங்க."

"சொன்னவையோ. கண்ணாலை பாத்து, கையாலை தொட்டு, பிறகுதான் எழுதோணும். வாரும்."

கிடங்குக்குப் போனோம். நாற்காலியை விரல் முட்டியால் தட்டினார், குலுக்கினார், கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் பார்த்தார். மருத்துவர்கூட அப்பாவை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. பிறகு மூன்று கேள்விகள். இது என்ன? இது ஏன் வேலை செய்யவில்லை? இது எங்கே போகப்போகிறது? முதல் இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவதற்கு, "ஒழிச்சிடலாம் சார்" என்றேன்.

"ஒழியிறது எண்டு உலகத்திலை ஒண்டும் இல்லை, பிள்ளை. எல்லாம் எங்கையோ போகுது. எங்கை எண்டு எழுதும்."

அதோடும் விடமாட்டார். நாற்காலி விறகாகி அடுப்புக்குப் போன பிறகும் அன்றே கையெழுத்துப் போட மாட்டார். மறுநாள் காலை போய் இடத்தைப் பார்ப்பார். போன சாமான் போனபடியே இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான் மை நிரப்பி எழுதும் அவருடைய பேனா திறக்கும். மர நாற்காலி இரவோடு இரவாகத் திரும்பி வந்துவிடுமா என்று நாங்கள் பின்னால் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்கு ஒரு டிசம்பர் மாதம் பதில் சொல்லியது.

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் அந்த ஃபைபர் படகு என் மேசைக்கு வந்தது. தீவுகளில் படித்துறை வேலைக்குப் போகும் பொறியாளர்களை ஏற்றிச் செல்ல வாங்கிய வெள்ளைப் படகு. இயந்திரம் மாட்டும் பின்பலகை பிளந்துவிட்டது. இயந்திரத்தைக் கழற்றி வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வெறும் கூடு மட்டும் பட்டறைக்குப் பின்னால், சேற்று நிலத்தில், இரண்டு கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. மரப்படகாக இருந்திருந்தால் விறகாகப் போயிருக்கும். இரும்பாக இருந்திருந்தால் பழைய இரும்புக் கடைக்காரர் ஓடி வந்திருப்பார். இது இரண்டும் இல்லை.

அந்தப் படகை ஓட்டியவர் வீராசாமி அண்ணன். ஓட்ட ஒன்றும் இல்லாவிட்டாலும் தினமும் காலையில் வந்து படகைக் கழுவி, உள்ளே தேங்கிய மழைநீரை இறைத்து, துணியால் துடைத்து வைப்பார். படகுக்கு வெள்ளையன் என்று பெயர்.

"பெரிய வெள்ளக்காரனே நாட்ட விட்டுப் போய்ட்டான்," என்பார். "நம்ம வெள்ளையன்தான் போக மாட்டேங்கிறான்."

போக வைத்துக் காட்டுகிறேன் என்று நான் முடிவு செய்தேன். மேசை நாற்காலிகளையே கண்டம் பண்ணி எனக்கு அலுத்திருந்தது. படகு என்றால் கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து குழு வந்து பார்க்க வேண்டும். என் பெயர் மேலே வரை போகும்.

முதலில் பழைய சாமான் வாங்கும் கடை முதலாளி, தவுக்கே ஆ செங்கைக் கூப்பிட்டேன். கிள்ளானில் பிறந்து வளர்ந்த சீனர், எங்களோடு தமிழிலேயே பேசுவார். படகைச் சுற்றி வந்து, விரலால் சுண்டி, காதை வைத்துக் கேட்டார்.

"தங்கச்சி, இது இரும்பும் இல்ல, பலகையும் இல்ல. சும்மா குடுத்தாலும் வேணாம்."

"அப்ப யாரு எடுப்பாங்க தவுக்கே?"

"நீ காசு குடு, நான் எடுக்கறேன் லா. எடுத்து உங்க பாஸ் வீட்டு முன்னாடி போடறேன்."

ஏல அறிவிப்பும் ஒட்டினோம். அதைப் படித்துவிட்டு வந்த ஒரே ஆள், ஓட்டையில்லாத படகு இருக்கிறதா என்று கேட்டார். சரி, விற்க முடியாது. அழித்துவிட அனுமதி கேட்போம் என்று தலைமையகத்துக்கு எழுதினேன். குழு வரும் நாள் குறிக்கப்பட்டது. நாளைக் குறித்தவர்கள் மலாய்க்காரர்கள். அதற்கு முந்தைய நாள் ஆயுத பூசை என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அது ஒரு சிக்கலாகும் என்று தோன்றவில்லை.

எங்கள் பட்டறையில் ஆயுத பூசை என்றால் சாதாரணம் இல்லை. லோரிக்கு வாழைக்கன்று, கடைசல் இயந்திரத்துக்கு மாலை, சுத்தியலுக்குக்கூடச் சந்தனப் பொட்டு. மறுநாள் காலை குழுவினரை அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் போனேன். கையில் தாள். தாளில், 'படகு மிகவும் சிதைந்து, பயன்படுத்த முடியாத நிலையில் உள்ளது' என்று என் அழகான மலாய்.

வெள்ளையன் பளபளவென்று இருந்தான். முகப்பில் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம், கழுத்து வரைக்கும் சாமந்தி மாலை. பிளந்த பின்பலகையை மாவிலைத் தோரணம் மறைத்திருந்தது. கீழே தேங்காய் மூடி, எலுமிச்சம்பழம். பக்கத்தில் தூக்குச் சட்டியோடு வீராசாமி அண்ணன்.

குழுத் தலைவர் துவான் ரசாலி செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தார். வீராசாமி அண்ணன் ஆளுக்கொரு இலையில் சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் வைத்தார். அவர்கள் நின்றபடியே சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று துவான் ரசாலி இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். பிறகு என்னைத் தனியாக அழைத்து மலாயில் மெதுவாகச் சொன்னார். "சகோதரி, நேற்று வழிபட்ட பொருளை இன்று அழிக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆட்கள் மனம் புண்படும். அதோடு, இது பழைய சாமான் மாதிரியே தெரியவில்லை."

கார் போனது. என் தாள் என் கையிலேயே இருந்தது. நேரே வீராசாமி அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, யாரக் கேட்டு இதுக்குப் பூச போட்டீங்க?"

"யாரக் கேக்கணும்? வருசா வருசம் போடறதுதான். லோரிக்குப் போட்டாங்க. உன் டைப்ரைட்டருக்கு நீயே பொட்டு வெச்ச."

"என் டைப்ரைட்டர் வேல செய்யுது."

"நான் வேல செய்யலயா?"

அவர் தூக்குச் சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார். "தங்கச்சி, என் போஸ்டுக்கு என்னா பேரு?"

"படகோட்டி."

"படகு இல்லன்னா?"

இலாகா விதி எனக்கு மனப்பாடம். படகு பதிவில் இருக்கும் வரைதான் படகோட்டி பதவி. படகைக் கண்டம் பண்ணினால் பதவியும் அதோடு போகும். ஆளைத் தினக்கூலிக்கு மாற்றுவார்கள். தினக்கூலிக்கு ஓய்வூதியம் கிடையாது. அவருக்கு ஓய்வூதியம் உறுதியாகும் நாள் தைப்பூசத்துக்குச் சற்று முன்னால் வந்தது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மருந்துக்கும் அரிசிக்கும் அந்த ஓய்வூதியத்தை நம்பித்தான் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். இவ்வளவையும் அவர் அழாமல், கெஞ்சாமல், சட்டியைக் கவிழ்த்து வைத்தபடி சொன்னார்.

"தைப்பூசம் வரைக்கும் வெள்ளையன் இருந்தாப் போதும். அப்புறம் நானே தூக்கித் தரேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, அண்ணே."

"நீ படிச்ச பொண்ணு. எதையும் சட்டுனு முடிச்சிருவ. அதான் பயம்."

அன்று பேருந்தில் பேனாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனேன்.

மறுநாள் மிஸ்டர் கந்தையாவிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னேன். மரத்துக்கு விதி இருக்கிறது, இரும்புக்கு விதி இருக்கிறது; ஃபைபரை எப்படி அழிப்பது என்று எந்த விதியிலும் இல்லை, சார். இதில் பொய் எதுவும் கிடையாது. அவர் முகத்தில் அதற்குமுன் நான் பார்க்காத ஒரு மலர்ச்சி வந்தது. விதி இல்லாத இடத்தில் விதி செய்யும் வாய்ப்பு அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை.

"அப்ப ஒவ்வொரு முறையாச் செய்து பாத்து எழுதுவம். ஆறுதலாச் செய்வம், பிள்ளை."

ஆறுதலாக என்றால் யாழ்ப்பாணத்தில் நிதானமாக என்று பொருளாம். எனக்கு இரண்டு பொருளும் பொருத்தமாக இருந்தன.

முதலில் தீ. பின்பலகையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எண்ணெய்ப் பீப்பாயில் போட்டுக் கொளுத்தினோம். கறுப்புப் புகை கயிறு மாதிரி எழுந்து, பக்கத்துக் குடியிருப்பில் காய்ந்த வேட்டிகள் மேல் கரித் துகளாக இறங்கியது. பெண்கள் வேலிக்கு வந்துவிட்டார்கள். மிஸ்டர் கந்தையா தன் வெள்ளைச் சட்டைக் கையில் விழுந்த புள்ளிகளைப் பார்த்தார். "உது சரிவராது. எழுதும்." எழுதினேன். கடிதம் கோலாலம்பூருக்குப் போய், அங்கே நன்றாகத் தூங்கிவிட்டு, வேறு வழி பாருங்கள் என்று திரும்பி வந்தது.

அடுத்தது அறுப்பது. ரம்பம் பட்டதும் கிளம்பிய தூள் எல்லோர் கழுத்திலும் இறங்கியது. ஃபைபர் தூள் கண்ணுக்குத் தெரியாது, அரிப்பில்தான் தெரியும். பட்டறை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வரிசையாகக் குழாயடியில் குளித்து, ஈரத் தலையோடு வீட்டுக்குப் போனார்கள். வீராசாமி அண்ணனின் மனைவி வாசலிலேயே மறித்து, "எந்த வீட்டுச் சாவுக்குப் போய்ட்டு வர?" என்றாராம்.

"வெள்ளையனுக்குத்தான். இன்னும் சாகல."

அந்த அறிக்கையும் போய், தூங்கி, வந்தது. ஆனால் இந்த முறை கூடவே துவான் ரசாலியின் தொலைபேசியும் வந்தது. ஆண்டு முடிவதற்குள் படகைப் பதிவிலிருந்து எடுத்தாக வேண்டும், புதைத்துவிடுங்கள், இவ்வளவு மெதுவான கிராணியை நான் பார்த்ததில்லை என்றார். மெதுவான கிராணி. ஐந்தாம் படிவச் சான்றிதழுக்குச் சூடம் காட்டிய வீட்டுப் பெண்ணைப் பார்த்து.

தைப்பூசம் ஆண்டு முடிந்த பிறகுதான். டிசம்பரில் புதைத்தால் எல்லாம் முடிந்தது. குழி தோண்ட நாளைக் குறிக்கும் வேலை மட்டும் என்னிடம் இருந்தது. அலுவலகச் சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டியின் முன் நெடுநேரம் நின்றேன். எனக்கு ஐந்தாம் படிவத்தில் நன்றாக வந்த பாடம் புவியியல். முழுநிலவு நாள்களில் கடல் மட்டம் ஏறும், கிள்ளான் ஆற்றோரச் சேற்று நிலத்தில் அடியிலிருந்து தண்ணீர் ஊறும் என்று எந்தப் பரீட்சையில் கேட்டாலும் எழுதியிருப்பேன். வெள்ளை வட்டம் போட்ட கட்டத்தில் விரலை வைத்தேன்.

"ஏன் உந்த நாள்?" என்றார் மிஸ்டர் கந்தையா.

"நல்ல நாளா இருக்கு, சார்."

கண்ணாடியை இறக்கி நாட்காட்டியைப் பார்த்தார். வெள்ளை வட்டத்தையும் பார்த்திருக்க வேண்டும். "நல்ல நாள்தான்," என்றார்.

பௌர்ணமி அன்று குழி தோண்டினார்கள். எந்த இடம் என்று நான் சொல்லவில்லை. "இங்கதான் மண்ணு மெத்துனு இருக்கு, சீக்கிரம் வேல முடியும்" என்று ஆற்றுப் பக்கமாக ஓர் இடத்தைக் காட்டியவர் வீராசாமி அண்ணன்தான். படகை இறக்கும்போது, "குப்புறப் போடுங்கடா, மழத்தண்ணி தேங்கக்கூடாது" என்றதும் அவர்தான். மண்ணுக்குள் போகும் படகுக்கு மழைத்தண்ணீர் தேங்கினால் என்ன, தேங்காவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியது. அவர் முகம் கோயில் பண்டாரத்தின் முகம் மாதிரி அமைதியாக இருந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் செய்வதை நான் அவரிடம் கேட்கவில்லை, நான் செய்ததை அவர் என்னிடம் கேட்கவில்லை.

மண்ணைப் போட்டு மிதித்தார்கள். "மூணாம் நாள் பால் ஊத்தணும்ணே," என்று ஒருவன் கிண்டல் செய்தான். நான் ஒழிப்புச் சான்றிதழைக் கையெழுத்துக்கு நீட்டினேன். நீட்டாமல் இருக்க வழியில்லை. மிஸ்டர் கந்தையா தன் வழக்கப்படி சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நாளைக் காலமை பாப்பம்."

மறுநாள் நான் முதல் பேருந்தில் வந்தேன். எனக்கு முன்னால் வீராசாமி அண்ணன் வந்திருந்தார். அவருக்கும் முன்னால் வெள்ளையன். நிலம் சோற்றுக் கஞ்சி போலக் குழம்பிக் கிடக்க, நடுவில் எருமை முதுகு மாதிரி வெள்ளை முதுகு மேலே எழுந்து நின்றது. உள்ளே அடைபட்ட காற்றும் அடியில் ஏறிய தண்ணீரும் சேர்ந்து தள்ளிவிட்டன.

"பால் ஊத்தறதுக்கு முந்தியே எழுந்துட்டான் பாரு," என்றார்.

"நீங்க ஏன் குப்புறப் போடச் சொன்னீங்க?"

"நீ ஏன் பௌர்ணமியாப் பாத்து நாள் குறிச்ச?"

இருவரும் வெள்ளையனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மிஸ்டர் கந்தையா குடையை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். படகின் முதுகை முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"எங்கை போகுது எண்டு எழுதினனீர், பிள்ளை?"

"மண்ணுக்கு அடியில, சார்."

"போகேல்லையே."

"போகல, சார்."

"அப்ப நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

தானே தலைமையகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். மூன்று முறையும் சோதித்துத் தோற்றாயிற்று, அடுத்த ஆண்டுக் குழுக் கூட்டத்தில்தான் முடிவு செய்ய முடியும் என்றார். துவான் ரசாலி என்ன சொன்னாரோ, இவர் அதற்கு, "அந்தப் பிள்ளை மெதுவில்லை, கவனம்" என்று ஆங்கிலத்தில் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. அதை அப்பாவிடம் சொன்னேன். மறுநாளே முடிவெட்டும் கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தைப்பூசம் கழிந்து வீராசாமி அண்ணன் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். பத்துமலைத் திருநீற்றை என் தட்டச்சு இயந்திரத்துக்குக் கொஞ்சம் பூசிவிட்டு, ஓய்வூதியம் உறுதியானதாகச் சொன்னார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். காப்பார் சாலையில் மாடு வளர்க்கும் ஒருவரை அவரே பிடித்து வந்தார். மாட்டுக்காரருக்குத் தொட்டி வேண்டும். சிமெண்டுத் தொட்டி வெடிக்கிறது, தகரத் தொட்டி துருப்பிடிக்கிறது. ஈரச் சாக்கைப் போர்த்தி, தூள் பறக்காமல் வெள்ளையனைக் குறுக்கே இரண்டாக அறுத்தோம். முன்பாதி தண்ணீருக்கு, பின்பாதி தீவனத்துக்கு. எல்லோரும் மறுபடி குளித்தார்கள்.

குழு இந்த முறை மறுப்புச் சொல்லவில்லை. மிஸ்டர் கந்தையா மாட்டுக்கொட்டகைக்கே வந்து, தொட்டியைத் தட்டி, ஒரு மாடு தண்ணீர் குடித்து முடிக்கும் வரை நின்று பார்த்தார். அன்று கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் மறுபடி போய், வெள்ளையன் எழுந்து பட்டறைக்கு வந்துவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டு வந்தார். பிறகு கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"படகு மாட்டுக்கொட்டிலுக்கு. சரி." பேனா தாளுக்கு மேலே நின்றது. "வீராசாமி எங்கை போறார்?"

"பென்ஷன்ல போறார், சார்."

"ம். உதைத்தான் நீர் முதல் தாளிலேயே கேட்டிருக்கோணும்."

கையெழுத்துப் போட்டார். கைக்குட்டையை மடித்தார். அன்றைய வேலை முடிந்தது.

நேற்று கவிதா மறுபடி அழைத்தாள். படகை இரண்டாக அறுத்து மாட்டுத் தொட்டியாக்கலாம், ஈரச் சாக்கு முக்கியம், குளிக்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதே என்று சொன்னேன். எழுதிக்கொண்டாள். என்னைப் போலவே வேகமான பெண். இந்த மாதமே முடித்துவிடுகிறேன் என்றாள்.

"இரும்மா. அந்தப் படகு அழுக்கா இருக்கா, சுத்தமா இருக்கா?"

"சுத்தமா இருக்கேக்கா. ஒரு அங்கிள் தினமும் வந்து கழுவுறாரு. ஏன் கேக்கறீங்க?"

அவருக்கு எப்போது பென்ஷன் என்று கேட்டுவிட்டு மறுபடி கூப்பிடு என்றேன்.